கிண்ணம் பிடிப்பவளுக்குப் பாட்டு இல்லை

நொச்சிக்குளம்,
உசிலம்பட்டி தாலுகா
10 டிசம்பர் 1933

சுந்தரவல்லிக்கு வீரணன் எழுதுவது.

அம்மாவைப் பார்த்துவிட்டு நாலு நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி வந்தேன். வர முடியாது. பக்கத்து ஊரில் எவனோ இரண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். எவன் என்று தெரியவில்லை. அதனால் எங்கள் ஊரில் கைரேகைச் சட்டத்தில் பேர் பதிந்து ரேகை வைத்த அத்தனை பேருடைய ராதாரிச் சீட்டையும் ஏட்டு பிடுங்கிக்கொண்டார். சீட்டு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டினால் ஜெயில். பொழுது சாய்ந்ததும் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும். மதுரையில் ஆயிரம் பேருக்கு முன்னால் லோகி வேஷத்தில் நிற்கிறவன் இங்கே "இருக்கேன் சாமி" என்று நிற்கிறேன்.

"நான் நாடகக்காரன், எனக்கு ராத்திரிதான் வேலை" என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க எல்லாருக்குமே ராத்திரிதான்டா வேலை" என்றார் ஏட்டு. சாவடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அனந்தராமன் வாத்தியாரிடம் நான் சொன்னதாகச் சொல். நாடகத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கட்டும். புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து அந்தக் கதையை அவர் தூக்கிக்கொண்டு வந்தபோது கம்பெனியில் யார் மதித்தார்கள்? இயேசுவுக்கு முன்னால் பனி தேசத்து வெள்ளைக்காரனுடைய பாட்டன்மார் கும்பிட்ட சாமிகளாம். ஒற்றைக்கண் ஓடின், சுத்தியல் பிடித்த தோர். "இந்தச் சாமிக்கெல்லாம் மதுரையில எவன் டிக்கெட் எடுப்பான்?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நம் சாமி நாடகத்தில் நாலு வரி சுதந்திரம் பாடினால் போலீஸ் லைசென்ஸை ரத்து செய்கிறான், வெள்ளைக்காரன் சாமி என்றால் வாய் பேசாமல் கொடுப்பான் என்றுதான் கண்டிராக்டர் ஒத்துக்கொண்டார். லோகி வேஷத்தை எடுக்க ஆள் இல்லை. நான் எடுத்தேன். தேவர்கள் பந்தியில் உட்கார இடம் கொடுத்துவிட்டு, எது காணாமல் போனாலும் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பார்களே, அந்த லோகியை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதை வேறு ஒருவனுக்குக் கொடுக்க வேண்டாம். கடைசிக் காட்சியில் என்னைப் பாறையில் கட்டிப்போட்டிருக்க, மேலே பாம்பு விஷம் சொட்ட, லோகியின் பெண்டாட்டி சிகினாக நீ கிண்ணம் பிடித்து நிற்பாயே, அந்த இடத்தில் இன்னொருவன் கிடப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. நான் வரும்வரை பாறை காலியாக இருக்கட்டும்.

வீரணன்


மதுரை
18 டிசம்பர் 1933

மச்சானுக்கு சுந்தரவல்லி எழுதுவது.

கடிதத்தை வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டிராக்டர் துடைத்துக்கொள்ளவில்லை. கொட்டகைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம். லோகி வேஷம் பத்ரிநாத்துக்குப் போய்விட்டது.

உங்களுக்கு அவனைத் தெரியும். எங்கள் பழைய தெருக்காரன். அவன் வீட்டுத் தறிச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நான் மேடையேறி, உங்களையும் கட்டிக்கொண்ட பிறகு அந்தத் தெருவில் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். சாத்தாதவன் அவன் ஒருவன்தான்.

உங்கள் அளவுக்குப் பாடமாட்டான். விருந்துக் காட்சியில் தடுமாறுகிறான். குடித்துவிட்டு வந்த லோகி, தேவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து ஏசுவதும், தேவிகளைப் பார்த்து நீ யாரோடு போனாய், நீ யாரோடு போனாய் என்று கேட்பதும் உங்களுக்குக் கரும்பு. அவன் பக்கப் படுதாவுக்குள் வந்து என்னிடம், "பொம்பளைங்களை இப்படிச் சபையில வச்சுக் கேக்கணுமா?" என்கிறான். வாத்தியார், "அது புஸ்தகத்துலயே அப்படித்தான்டா இருக்கு" என்கிறார்.

கிண்ணம் பிடித்துக் கைதான் வலிக்கிறது. நீங்கள் கிடந்தபோதும் வலித்தது. சொன்னதில்லை.

சீட்டு கிடைத்ததும் வாருங்கள்.

சுந்தரவல்லி


நொச்சிக்குளம்
9 ஜனவரி 1934

சுந்தரவல்லிக்கு,

பத்ரிநாத் தடுமாறுகிறான் என்று படித்ததும் ஒரு சந்தோஷம். அடுத்த வரியிலேயே போய்விட்டது. அவன் எதற்காகப் பக்கப் படுதாவுக்குள் வந்து உன்னிடம் கேட்கிறான்? வாத்தியார் இல்லையா? அந்தக் காட்சிதான் லோகியே. எல்லாரும் மூடி வைத்ததைச் சபையில் திறக்கிறவன் அவன். அதற்குக் கூச்சப்படுகிறவன் தறிக்குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே.

இங்கே சாவடியில் தினம் கதை சொல்கிறேன். தோர் தன் தேரை இழுக்கும் கிடாக்களையே வெட்டித் தின்றுவிட்டு, எலும்பைத் தோலில் போட்டு வைத்து மறுநாள் காலையில் எழுப்பிவிடுகிற இடத்தைச் சொன்னபோது பேயாண்டி அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏப்பா, நம்ம கருப்பனுக்கு இம்புட்டு வருசமா வெட்டுறோம், ஒரு கிடாயாவது திரும்பி எந்திரிச்சிருக்கா?" என்று கேட்டார். வெள்ளைக்காரப் பாதிரி நம்மைப் பார்த்து ரத்தப் பலி, காட்டுமிராண்டி என்கிறானே, அவன் பாட்டனும் மரத்தடியில் வெட்டி ரத்தம் தெளித்தவன்தான் என்றேன். அன்று ஏட்டு வரும்வரை சிரிப்பு.

பால்டர் கதைக்கு மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. மகனுக்கு ஆபத்து வரக்கூடாது என்று தாய் உலகத்தில் உள்ள கல், மரம், நெருப்பு எல்லாவற்றிடமும் சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவி ரொம்பச் சின்னது என்று அதனிடம் வாங்காமல் விடுகிறாள். அதைக் கொண்டுதான் அவனைக் கொல்லவைக்கிறான் லோகி. நல்லகாமன், "அந்தம்மா சத்தியமாச்சும் கேட்டுச்சு. நம்மகிட்ட நேரா ரேகையில வாங்கிட்டாக" என்றான்.

ஆனால் பேயாண்டி அண்ணன் ஒன்று கேட்டார், அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கிண்ணம் நிறைந்ததும் சிகின் கொட்டப் போகிறாள், அந்த நேரம் விஷம் அவன் முகத்தில் விழுந்து அவன் துடிக்க, பூமி ஆடுகிறது என்று சொன்னேனா. "அவ கொட்டப் போறது எங்க? எம்புட்டு நேரம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாறையில் கிடந்தபோது நீ போகிற பக்கம் தலையைத் திருப்ப முடியாது, கட்டியிருக்கும். இப்போதும் அப்படித்தான் கிடக்கிறேன்.

நீயும் அவனும் என்ன பாஷையில் பேசிக்கொள்கிறீர்கள்?

வீரணன்


மதுரை
12 பிப்ரவரி 1934

மச்சானுக்கு,

பீகாரில் பூமி அதிர்ந்து ஊர் ஊராய்ச் செத்துப்போன செய்தி அங்கேயும் வந்திருக்கும். அதற்குப் பிறகு இங்கே கூட்டம் தாங்கவில்லை. "லோகி துடிக்கிறான், பூமி அதிர்கிறது" என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் உலுக்குகிற தகரங்களை இரண்டு மடங்காக்கி, டிக்கெட்டையும் கூட்டிவிட்டார் கண்டிராக்டர். நேற்று அவர் பீகார் நிவாரணத்துக்குப் பணம் கொடுப்பதைப் போட்டோ பிடித்தார்கள்.

உங்கள் சீட்டுக்காக மனு எழுதிக்கொண்டு சர்க்கார் கச்சேரிக்குப் போனேன். குமாஸ்தா மனுவைப் படித்தார். "நாடகக்காரியா? ஒரு பாட்டுப் பாடு, பாப்போம்" என்றார். சுற்றி இருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பாடவில்லை. மனு அவர் மேஜையில் இருக்கிறது. பாடியிருந்தால் நகர்ந்திருக்குமோ என்று வழியெல்லாம் நினைத்தேன்.

பேயாண்டி அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். கிண்ணத்தைப் படுதாவுக்குப் பின்னால் ஒரு வாளியில் கொட்டுவேன். கையை உதறுவேன். திரும்பி வருவேன்.

உங்களுக்கும் பதில். நாங்கள் தமிழில் இல்லை, எங்கள் தறிக்காரத் தெருவின் பாஷையில்தான் பேசிக்கொள்கிறோம். அதில் பேச எனக்கு இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. என் அம்மா எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் என்ன குழம்பு வைத்தாள், தம்பிக்கு ஜுரம் விட்டதா என்று அவன் வந்து சொல்கிறான். சிரிக்கவும் செய்கிறோம். என் பாஷையில் சிரித்து எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

நாடகத்தில் ஒரு மாற்றம். நேரில் சொல்கிறேன்.

சுந்தரவல்லி


நொச்சிக்குளம்
11 மார்ச் 1934

சுந்தரவல்லி,

நேரில் சொல்லத் தேவையில்லை. ரேகையில் இன்னும் சேராத வண்டிக்காரப் பையன் காளை சொல்லிவிட்டான். கத்தரிக்காய் பாரம் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனவன், இறக்கிவிட்டு நாடகம் பார்த்திருக்கிறான். சொன்னான் என்பது தப்பு. பாடிக்கொண்டே வந்தான். "அண்ணே, ஒங்க வீட்டுக்காரக எம்புட்டு அழகா பாடுறாக" என்றான். இப்போது கிணற்றடியில் பாடுகிறார்கள். சாவடியில் பாடுகிறார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு படுத்தேன்.

சிகினுக்குப் பாட்டு கிடையாது. லோகிக்கு ஏழு பாட்டு, அவளுக்கு ஒன்றும் இல்லை. வாத்தியாரிடம் சொல்லி அப்படி வைத்ததே நான்தான். அவள் பாடினால் கூட்டம் பாறையை விட்டுவிட்டு அவளைப் பார்க்கும். கட்டிக் கிடக்கிறவனுடைய வேதனைதான் அந்தக் காட்சி. அவள் வாயைத் திறந்தால் அது போய்விடும்.

லோகியின் ஏழாவது பாட்டை விட்டுக்கொடுத்து உனக்கு அந்த இடத்தை வாங்கித் தந்தானாமே அவன். ஒரு நடிகன் இன்னொருத்திக்குப் பாட்டை விட்டுக்கொடுப்பானா? எந்த ஊரில்? சும்மா கொடுப்பானா? நான் பத்து வருஷம் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் உதை வாங்கினவன். அரை வரியை விட்டுக்கொடுத்த ஒருவனை நான் பார்த்ததில்லை.

பாட்டை நிறுத்து. நிறுத்தாவிட்டால் நொச்சிக்குளம் வந்து சேர். இரண்டும் இல்லையென்றால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கதையில் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. சாமிகளெல்லாம் சாகிற நாள், அவர்களுக்கே முன்னாடியே தெரிந்த நாள். அன்று லோகியின் கட்டு அறுந்துபோகும்.

வீரணன்


மதுரை
20 மார்ச் 1934

மச்சானுக்கு,

பாட்டை நிறுத்த மாட்டேன்.

போன வருஷம் ஒத்திகையில் உங்களிடம் நானே கேட்டேன். ஞாபகம் இருக்கும். எனக்கு ஒரே ஒரு பாட்டு வேண்டும் என்றேன். "கிண்ணம் பிடிக்கிறவளுக்குப் பாட்டு எதுக்கு?" என்றீர்கள். ஆர்மோனியக்காரர் சிரித்தார். அன்று இரவும் கிண்ணம் பிடித்தேன், மறுநாளும் பிடித்தேன். ஜனங்கள் உங்களுக்காக அழுதார்கள். என் கை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பத்ரிநாத் சும்மாதான் கொடுத்தான். ஏழாவது பாட்டில் அவனுக்கு மேல் சுருதி எட்டவில்லை. எட்டாத பாட்டைப் பாடி அவமானப்படுவதைவிட எட்டுகிறவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். உங்களுக்கு இது புரியாது. உங்களுக்கு எட்டும்.

அவன் அழகாக இருக்கிறானா என்றால், இருக்கிறான். அவனோடு பேசினால் மனசு லேசாகிறதா என்றால், ஆகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இருந்தால் எழுதியிருப்பேன். ஏட்டிடம் தினமும் "இருக்கேன் சாமி" சொல்வது உங்களுக்கு எவ்வளவு எரிகிறதோ, ஒவ்வொரு கடிதத்திலும் நான் உங்களுக்கு "இருக்கேன்" சொல்வதும் அவ்வளவு எரிகிறது.

நொச்சிக்குளம் வர மாட்டேன். வந்தால் என் பேரையும் ரேகையில் சேர்த்துவிடுவார்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஆரப்பாளையம் பொட்டலில் கொட்டகை. அதற்குள் மனு நகர்ந்தால் லோகி உங்களுக்குத்தான், பத்ரிநாத்தே சொல்லிவிட்டான். பாட்டு எனக்குத்தான். இப்படி ஒத்துக்கொண்டு வருவதானால் வாருங்கள்.

சுந்தரவல்லி


மதுரை
21 மே 1934

வீரணன் அவர்களுக்கு,

நீங்கள் என் பேரை மேடையில் சொன்னீர்கள். நான் உங்கள் பேரைக் கடிதத்தில் எழுதுகிறேன். இதுவரை எழுதியதில்லை.

ஜெயிலில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும். ஆரப்பாளையத்தில் அத்தனை பேர் கேட்டதுதான்.

விருந்துக் காட்சி நடக்கும்போது கூட்டத்துக்குள்ளிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். முகத்தில் மாவு இல்லை, அழுக்கு வேட்டி, உள்ளங்காலில் ரத்தம். ஊரிலிருந்து வயல்வழியாகவே ஓடி வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தது. ஒரு நிமிஷம், என்னைப் பார்க்கத்தான் இப்படி வந்தீர்கள் என்று நினைத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

இரண்டு லோகி வந்ததும் கூட்டம், நாடகத்திலேயே தர்க்கப் போட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கைதட்டியது. பத்ரிநாத் ஒதுங்கி உட்கார்ந்தான். நீங்கள் ஓடினிடம் இன்னொரு கண்ணை எந்தக் கச்சேரியில் அடகு வைத்தாய் என்று கேட்டீர்கள். தோரிடம் உன் சுத்தியல் எங்களைப் போன்றவன் மண்டையில் மட்டும்தான் இறங்குமா என்று கேட்டீர்கள். தரை டிக்கெட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அதுவரை நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நல்ல நடிகர்.

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். சிகின் என்று கூப்பிடவில்லை. சுந்தரவல்லி என்றீர்கள். என் தெருப் பேரைச் சொன்னீர்கள். அவன் பேரைச் சொன்னீர்கள். ஒரு பாட்டுக்கு என்ன விலை கொடுத்தாய் என்று கேட்டீர்கள். சிரிப்பில் கொட்டகைக் கீற்று பறந்தது. "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள்.

நீங்கள் இரண்டாம் தடவையும் சொன்னீர்கள்.

முதல் தடவையைக் கோபம் என்று எடுத்துக்கொள்வேன். இரண்டாம் தடவை கைதட்டலுக்காகச் சொன்னது.

உங்கள் ஊர் ஏட்டு முன் வரிசையில் நாடகம் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தார். உங்களைத் தேடி அவர் வரவில்லை. உங்களை அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள், கூட்டம் அதற்கும் கைதட்டியது. கடைசிக் காட்சியில் பத்ரிநாத் பாறையில் கிடந்தான். நான் கிண்ணத்தோடு வந்தேன். விசில், கூச்சல், ஒரு செருப்பு. முழுப் பாட்டையும் பாடி முடித்தேன்.

மறுநாள் பத்ரிநாத்தின் அப்பா வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது எங்கள் தெருவில் கதவைச் சாத்தாதவர் யாரும் இல்லை. கண்டிராக்டர் சந்தோஷமாக இருக்கிறார். அந்தக் கேள்வியைத் தினமும் வைக்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டார். வாத்தியார் அவரை அடிக்கப் போய்விட்டார். நான் பார்த்து அவர் கையை ஓங்கியது அதுதான் முதல் தடவை.

கிண்ணம் நிறைந்துவிட்டது. கொட்டப் போகிறேன். அந்தப் புஸ்தகத்தில் அவள் ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறாள். நான் அப்படி எதுவும் எழுதித் தரவில்லை.

சுந்தரவல்லி


ஜெயில்
19 ஆகஸ்ட் 1934

சுந்தரவல்லிக்கு,

ஆறு மாதத்தில் பாதி போய்விட்டது. மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். மூன்று மாதமாகக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாம் தடவை கைதட்டலுக்காகத்தான்.

இப்போது யார் லோகி? எவனை வைத்திருக்கிறார்கள்? இதைக் கேட்காமல் இந்தக் கடிதத்தை முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கல் உடைக்கிற இடத்தில் தினமும் ஒருவனுக்கு மாவு பூசிப் பாறையில் படுக்க வைத்துப் பார்க்கிறேன்.

இங்கேயும் கதை கேட்கிறார்கள். காங்கிரஸ்காரர்கள் ஒரு பக்கம், எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள் ஒரு பக்கம். அவர்களுக்குத் தனிச் சாப்பாடு, எங்களுக்குத் தனி. கதைக்கு மட்டும் ஒன்றாக உட்காருகிறார்கள். கட்டிப்போடுகிற இடம் வந்தால் எல்லாரும் நெருங்கி வருவார்கள். பாம்பு வரைக்கும் சொல்லிவிடுவேன். சிகின் கிண்ணத்தோடு வருகிறாள் என்பேன். அதற்கப்புறம் எனக்கு ஓடாது. "அவ என்ன சொன்னா மாப்ள?" என்று பக்கத்துக் கொட்டடிக்காரன் கேட்கிறான். முன்னெல்லாம் அவள் ஒன்றும் சொல்வதில்லை, நான் பாட்டுக்கு மேலே போய்விடுவேன். இப்போது அவள் ஏதோ சொல்கிறாள் என்று தெரிகிறது. என்னவென்று தெரியவில்லை. காளை பாடினபோது பொத்திய காதுக்குள் ஒன்றிரண்டு சொல்தான் விழுந்தது. ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கெல்லாம் தெரிந்த பாட்டு எனக்குத் தெரியாது.

பாட்டை எழுதி அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை.

வீரணன்


மதுரை
28 அக்டோபர் 1934

வீரணன் அவர்களுக்கு,

கார்டில் இடம் குறைவு.

நீங்கள் கேட்டதற்குப் பதில். லோகி வேஷத்தில் இப்போது யாரும் இல்லை. பத்ரிநாத் போன பிறகு வந்தவர்கள் எல்லாரும் விருந்துக் காட்சியில் உங்களைப் போலவே என் பக்கம் திரும்பிக் கேட்கப் பார்த்தார்கள். கூட்டமும் அதைத்தான் எதிர்பார்த்தது. வாத்தியார் கடைசிக் காட்சியை மட்டும் தனியாக எடுத்து எழுதித் தந்தார். திரை தூக்கும்போது நான் நிற்கிறேன். மேலே பாம்பு. கீழே பாறை காலியாக இருக்கிறது. உங்கள் முதல் கடிதத்தில் அப்படித்தானே கேட்டீர்கள். யாரும் இல்லாத இடத்துக்கு மேல் கிண்ணம் நிறைகிறது, நான் பாடுகிறேன். முதலில் சிரிக்கிறார்கள். பிறகு சிரிப்பதில்லை.

பாட்டை எழுதி அனுப்ப மாட்டேன். படிப்பதற்கு எழுதியது இல்லை அது.

வெளியே வந்ததும், என் மனு இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கிறது, நீங்களே போய் நின்று ராதாரிச் சீட்டு வாங்குங்கள். வயல்வழியாக வரவேண்டாம். டிக்கெட் எடுத்து, கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்து கேளுங்கள். மேடைப் பக்கம் வராதீர்கள்.

ஒன்ஸ்மோர் கேட்காதீர்கள். நான் இரண்டாம் தடவை பாடுவதில்லை.

சுந்தரவல்லி